விண்ணப்பத்தில் எழுதிய எட்டுப் பிள்ளைகள்

காலை ஏழே காலுக்கு எங்கள் தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஏழு மணிக்கெல்லாம் என் வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு வயர்கூடை, கூடைக்குள் பால் புட்டியும் மாற்றுத் துணியும் ஒரு டப்பா இட்லியும். பிள்ளையை என் கையில் கொடுத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு தாய்க்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். சிலர் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். அன்றைக்கு வேன் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார்.

சிவகாசியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் ஒன்பது வருடமாக நான் செய்கிற வேலை இது. அதற்கு முன் ஓர் அச்சாபீசில் பைண்டிங் பிரிவில் இருந்தேன். காலண்டர் சீசனில் தகரப் பட்டி அடிக்கிற வேலை. மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன், அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் தன் பிள்ளையைக் கொண்டுவந்து, "பத்து நாளைக்கு மட்டும் பாத்துக்கிடுங்க மதினி. எங்க அம்மா ஊருல இருந்து வந்துருவாக" என்றாள். அவள் அம்மா வரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறது. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பால்வாடி திறப்பது வேன் போனதற்கு வெகுநேரம் கழித்து. கைப்பிள்ளைகளை அங்கே சேர்ப்பதும் இல்லை. பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அந்த இடைவெளியில்தான் என் வீடு இருந்தது.

சாயங்காலம் வேன் இறங்கியதும் தாய்மார்கள் ஓடி வருவார்கள். கைகளிலும் கழுத்திலும் அலுமினியப் பவுடர் சாம்பல் நிறத்தில் மினுங்கும். தொட்டால் பிள்ளையின் கன்னத்திலும் அது ஒட்டும். முதல் வருடமே ஒரு சட்டம் போட்டேன். காம்பவுண்டுக் கதவை ஒட்டி ஒரு குழாயும் துவைகல்லும் உண்டு. அங்கே சோப்புப் போட்டுக் கை, முகம், கழுத்து கழுவி, மேலே போட்டிருக்கும் வேலைச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்த பிறகுதான் பிள்ளையைத் தருவேன். முதலில் கோபப்பட்டார்கள். "பெத்த பிள்ளையத் தொட உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா" என்று ஒருத்தி கேட்டாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாக்கள் கழுவுவதை வேடிக்கை பார்க்கும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை வாசல்படியில் தடுக்கி விழுந்து மோவாயில் மூன்று தையல் போட வேண்டியதாகிவிட்டது. தாய் கோபப்படவில்லை. "வீட்டுல இருந்தாலும் விழத்தான் செய்வான்" என்று தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் மறுநாள் மாடியிலிருந்து வீட்டுக்கார அக்கா இறங்கி வந்தார். கணவரை இழந்தவர், தனியாக இருந்தார். கீழ்வீட்டு வாடகைதான் அவருக்கு ஜீவனம்.

"நான் உன்னையக் குறை சொல்லலை தாயி. நீ நல்லாத்தான் பாக்க. ஆனா நாளப்பின்ன பெருசா எதுவும் ஆயிப்போச்சுன்னா? கேஸுன்னு வந்தா எம் பேரும்ல சேந்து வரும். இந்த வீட்ட விட்டா எனக்கு என்ன இருக்கு?"

"என்ன செய்யணுங்கிறீகக்கா?"

"எனக்கும் தெரியலை. எழுத்துல ஏதாச்சும் ஒரு பாதுகாப்பு வேணும். இல்லன்னா பிள்ளைகள நிப்பாட்டிட்டு நீங்க மட்டும் குடியிருங்க."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அன்று என் கணவர் நாக்பூர் பக்கம் எங்கோ இருந்தார். அவர் லாரி டிரைவர், காலண்டரும் பட்டாசும் வடக்கே ஏற்றிப் போகிறவர். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லன்னா கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ளயே விட மாட்டான். ஏத்துற லோடுக்குத் தனியா ஒரு இன்சூரன்ஸ். இத்தனை பிள்ளைக இருக்கிற வீட்டுக்கு இல்லாமயா போகும்? கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். தெரிந்தவர் மூலமாக ஓர் ஏஜெண்ட் வந்தார். வண்டிகளுக்கும் குடோன்களுக்கும் பாலிசி போட்டுக் கொடுக்கிறவர். பாயில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரத்தை விரித்தார். ஒரு பிள்ளை அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை இழுத்தது, இன்னொன்று ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு சுவரில் முட்டியது.

"ஏங்க்கா, இது வீட்டுப் பாலிசி. பிள்ளைக பாக்குற தொழில் நடக்குதுன்னு எழுதுனா ஆயிரம் கேள்வி கேப்பாக. குடியிருப்புன்னு மட்டும் போட்டுருவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வந்து பாப்பாகள்ல?"

"அன்னைக்குப் பாத்துக்கிடலாங்க்கா."

பேனாவை வாங்கி அவரிடம் கொடுத்து, காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கெட்ட மனிதர் இல்லை, எனக்கு வேலை சுலபமாக முடியட்டும் என்று நினைத்தவர். ஆனால் நான் பாலிசி தேடியதே அந்தப் பிள்ளைகளுக்காக. அவர்கள் இந்த வீட்டில் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்து அவர்களுக்கு எப்படிப் பாதுகாப்பு வாங்குவது? அன்று முழுக்க மனசு ஆறவில்லை. ஒன்பது வருட வேலையை ஒரு கட்டத்துக்குள் எழுதாமல் விட்டுவிடச் சொன்னதும் ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது.

என் கணவர் லோடு இறக்கிவிட்டு ஊருக்கு வந்திருந்த ஒரு திங்கட்கிழமை, எதிர்வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துப் பிள்ளைகளைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு விருதுநகர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். ஆமத்தூர் தாண்டும்போது, அது நான் பிறந்த ஊர், வழக்கமாக எட்டிப் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. அதிகாரியிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகம் ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில் இருந்தது. கீழே மூடை பிரிக்கும்போதெல்லாம் மேலே எல்லோரும் தும்மினார்கள். அதிகாரி என் வயதுடைய ஒரு பெண். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"இந்த மாதிரி ஒரு விண்ணப்பம் என்கிட்ட வந்ததில்லைம்மா" என்றார். "முதல்ல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க. நீங்க வாடகைக்கு இருக்கீங்க. சுவரும் கூரையும் உங்க பாலிசியில வராது, அதை வீட்டுக்காரங்கதான் எடுக்கணும். உள்ள இருக்கிற சாமான்கள் உங்களது, அதுக்கு நீங்க எடுக்கலாம். உங்க பொறுப்புல இருக்கும்போது பிள்ளைக்கு அடிபட்டா, அதுக்கு ஈடு கொடுக்கிறது இன்னொரு பாலிசி. மூணையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க."

"சாமானுக்கு ஒண்ணு, பிள்ளைகளுக்கு ஒண்ணு, ரெண்டும் வேணும் மேடம்."

அவர் யாருக்கோ போன் செய்தார். காத்திருக்கச் சொன்னார். மறுபடி போன் செய்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சிவகாசின்னு போட்டிருக்கீங்க. வீட்டுக்குள்ள வெடி, திரி, மருந்து ஏதாவது வைக்கிறீங்களா?"

"இல்லை மேடம்."

"பெத்தவங்க என்ன வேலை?"

"ரெண்டு பேரு அச்சாபீசு. மத்த எல்லாரும் பட்டாசுக் கம்பெனி."

பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுக்காரங்க சம்மதக் கடிதம் ஒண்ணு வேணும். அதோட ஒரு வெள்ளைத்தாள்ல நீங்களே எழுதிக் கொடுங்க. எத்தனை பிள்ளை, என்ன வயசு, எங்க தூங்கும், அடுப்பு எங்க இருக்கு. தீப்பிடிச்சா ஒத்த ஆளா எப்படி எல்லாரையும் வெளியே கொண்டு போவீங்க. அதையும் எழுதுங்க."

ரெண்டு வாரத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது என் கணவர் ஹாலில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் வயிற்றின் மேல் ரெண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. "நாக்பூர் டிரிப்பே தேவலை" என்றார்.

தீப்பிடித்தால் என்ற அந்தக் கடைசிக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. அப்போது என்னிடம் ஒன்பது பிள்ளைகள். அதில் மூன்று தொட்டில் பிள்ளைகள். எனக்கு இருப்பது இரண்டு இடுப்பு. மூன்றாவது பிள்ளையை எதில் தூக்குவேன்? இத்தனை வருடம் இதை நான் யோசிக்கவே இல்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் மூன்று தாய்மாரையும் உட்கார வைத்துப் பேசினேன். ஒருத்தி, பிள்ளை நடக்கும் வரை தன் நாத்தனார் வீட்டில் விடுவதாக ஒத்துக்கொண்டாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை.

நடக்கிற பிள்ளைகள் ஆறு. அவர்களுக்காக ஒரு கயிறு வாங்கி முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். ஆளுக்கு ஒரு முடிச்சு. எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டினால் ரயில் கிளம்பும். எல்லாரும் முடிச்சைப் பிடித்துக்கொண்டு கூவென்று சத்தம் போட்டு வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும். கயிற்றின் நுனி என் மணிக்கட்டில், தொட்டில் பிள்ளைகள் என் ரெண்டு இடுப்பிலும். எதிர்வீட்டு அக்கா தெருவில் வண்டி வருகிறதா என்று பார்ப்பார். தினமும் பதினோரு மணிக்கு ரயில் விட்டோம். தெருவில் சிரித்தார்கள். காய்கறி வண்டிக்காரர் ரயில் போகும் வரை நின்று வழிவிடுவார்.

பிறகு வெள்ளைத்தாளை எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. எட்டுப் பிள்ளைகள், வயது, தூங்கும் இடம், அடுப்பு, ரயில். கடைசியில் குழாயைப் பற்றியும் எழுதினேன். தாய்மார்கள் கம்பெனியிலிருந்து நேராக வருகிறார்கள், அவர்கள் உடம்பில் பவுடர் இருக்கும், வெளிக்குழாயில் கழுவிய பிறகே உள்ளே வருவார்கள் என்று. யாரும் கேட்காத விஷயம்தான். உள்ளதையெல்லாம் எழுதும்போது அதை மட்டும் ஏன் விட வேண்டும் என்று எழுதினேன். வீட்டுக்கார அக்கா சம்மதக் கடிதத்தை ரெண்டு தடவை வாய்விட்டு வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குள் வெடிபொருள் வைப்பதில்லை என்ற வரியும் அதில் இருந்தது. அலுவலகத்தில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சில வாரத்தில் ரெண்டு பாலிசியும் தபாலில் வந்தன. அவற்றையும் நகலையும் பின்னறைப் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய சீசனில், ஒரு மத்தியானம், வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. வீட்டுக்கார அக்காவின் தம்பி இறங்கினார். சீசனுக்கு மட்டும் பட்டாசுக் கடை போடுகிறவர். எங்கள் ஹாலை ஒட்டி மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் இன்வெர்ட்டர் வைத்திருந்தேன், மீதி இடம் காலி.

"கடை லைசென்ஸ் இன்னும் கைக்கு வரலை. ஒரு பத்து நாளைக்குப் படிக்கு அடியில கொஞ்சம் பெட்டி போட்டுக்கிடுதேன்" என்றார். அவர் பின்னால் லோடுமேன்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள்.

"இங்கன வைக்க முடியாது அண்ணாச்சி. பிள்ளைக இருக்கிற இடம்."

"மருந்து இல்லம்மா, சீல் பண்ணுன பெட்டி. இந்த ஊருல எந்த வீட்டுல பெட்டி இல்லை? அதோட வீடு எங்க அக்காது."

"வீடு அக்காதுதான். பிள்ளைக என் பொறுப்பு. உள்ள வெடி கிடையாதுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்காக."

அவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அக்கா பாதிப்படி வரை இறங்கி நின்றார். தம்பி முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்து நாளுதான தாயி."

"பத்து நிமிசம்னாலும் முடியாதுக்கா. இறக்கித்தான் ஆகணும்னா இறக்கச் சொல்லுங்க. நான் பிள்ளைகளக் கூட்டிட்டு இப்பவே தெருவுல போய் நிக்கேன்."

சொல்லிக்கொண்டே ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்தேன். தட்டைக்கூடத் தட்டவில்லை. கயிற்றைப் பார்த்ததும் ஆறு பிள்ளைகளும் எழுந்து வந்து ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. முன்னால் நின்றது கூ என்றது. பெட்டி தூக்கியிருந்த லோடுமேன் ஒருவர் வழியில் நிற்கிறோம் என்று நினைத்து ஒதுங்கினார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "திரும்ப டெம்போலயே ஏத்திருவமா?" என்று கேட்டார். அண்ணாச்சி டெம்போவில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் அக்கா வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "என் தம்பிக்கு முன்னால என்னையத் தலைகுனிய வச்சுட்ட. தை மாசம் வேற வீடு பாத்துக்கிடு."

சரி என்றேன். அழுகை வந்தது, அவர் போன பிறகு அழுதேன். ஆனால் செய்ததை நினைத்து ஒருதரம்கூட வருத்தப்படவில்லை. அடுத்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடினேன். எட்டுப் பிள்ளைகள் பகல் முழுக்க இருப்பார்கள் என்று சொன்னதும் கதவைப் பாதி மூடிக்கொண்டே பேசினார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் மறைத்து வீடு பிடிக்கலாம் என்று ஒரு புரோக்கர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன்.

கார்த்திகையில் ஒரு நாள். மதியச் சோறு ஊட்டி, தொட்டில் பிள்ளைகளைத் தூங்க வைத்து, மற்றவர்களுக்குப் பாய் விரித்திருந்தேன். ரப்பர் கருகுகிற வாடை வந்தது. படிக்கு அடியிலிருந்த அறையின் கதவிடுக்கில் கறுப்பாகப் புகை கசிந்தது. இன்வெர்ட்டர். கதவைத் திறக்கவில்லை. மெயின் சுவிட்சை இறக்கினேன். தட்டை மூன்று தட்டுத் தட்டினேன்.

தூக்கக் கலக்கத்தில் ஒன்று எழுந்திருக்கவில்லை. அதைப் பெரிய பிள்ளை ஒருத்தி, அவளுக்கு மூன்றரை வயது, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முடிச்சைக் கையில் திணித்தாள். தொட்டிலிலிருந்து ரெண்டு பேரையும் அள்ளினேன். கூ என்று நான்தான் முதலில் கத்தினேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாசல், தெரு, எதிர்வீட்டு முற்றம். எண்ணினேன், எட்டு. எதிர்வீட்டு அக்கா எண்ணினார், எட்டு. திரும்பிப் பார்த்தபோது ஹால் ஜன்னலில் நெருப்புத் தெரிந்தது.

நெருப்பை அறிந்த ஊர் இது. யாரும் கூச்சல் போடவில்லை. கரண்டு சாமான் என்று தெரிந்ததும் யாரும் தண்ணீர் எடுத்து ஓடவில்லை. வீட்டு வேலைக்காகத் தெருவில் ஒருவர் கொட்டியிருந்த மணலை வாளி வாளியாக அள்ளிப் போட்டார்கள். ஒருவர் ஓடிப்போய் மாடியிலிருந்து வீட்டுக்கார அக்காவைக் கைப்பிடித்து இறக்கினார். தீயணைப்பு வண்டி வந்தபோது ஹால் போயிருந்தது. ஃபிரிட்ஜ், டிவி, பாய்கள், தொட்டில் துணிகள், மரக்குதிரை எல்லாம் கரி. பின்னறைக்குப் புகை மட்டும்தான் போயிருந்தது.

எப்படியோ செய்தி போய்த் தாய்மார்கள் வேலை நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். தெருமுனையில் புகையைப் பார்த்ததும் அவர்கள் கால்கள் எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் எதிர்வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தன. ஒருத்தி ஓடி வந்தவள் சட்டென்று நின்று, தன் கைகளைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

நான்கு நாள் கழித்து நட்டத்தை மதிப்பிடக் காப்பீட்டு சர்வேயர் மதுரையிலிருந்து வந்தார். ஹாலைப் பார்த்தார், இன்வெர்ட்டரைப் படம் எடுத்தார். பிறகு வெளியே வந்து குழாயடியில் குனிந்தார். துவைகல்லின் இடுக்கில் விரலைத் தேய்த்து வெயிலில் காட்டினார். விரல் நுனி வெள்ளியாக மினுங்கியது.

"இது என்னம்மா?"

"அலுமினியப் பவுடர் சார்."

"இந்தப் பக்கம் நான் பார்க்காத வீடு இல்லை. வீட்டுக்குள்ள என்ன செஞ்சீங்க? ஃபேன்சி வெடியா?"

சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, முத்திரை குத்திய அந்த நகலை எடுத்துவந்து நீட்டினேன். புகை வாடை அடித்தது. அவர் முதல் பக்கத்தை வேகமாகவும் ரெண்டாவது பக்கத்தை மெதுவாகவும் படித்தார். குழாயைப் பற்றிய வரிகளில் விரல் நின்றது. முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"இதை எழுதச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார். இருக்கிறத எழுதுனேன்."

அவர் பின்னறைக்குப் போனார். ஈரத்துணி கேட்டு வாங்கி, சுவரோரம், பீரோவுக்கு அடியில், ஜன்னல் விளிம்பில் எல்லாம் துடைத்துப் பார்த்தார். கரி மட்டும்தான் வந்தது. வெளியே வந்து, "இருந்தாலும் நான் கேட்டாகணும். சீசன் நேரத்துல படிக்கு அடியில எதுவும் ஸ்டாக் வச்சிருந்தீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியிலிருந்து வீட்டுக்கார அக்காவின் குரல் வந்தது.

"எங்கிட்ட கேளுங்க சார். வீட்டுக்காரி நான்தான். தீபாவளிக்கு முன்னால என் கூடப்பிறந்த தம்பியே பெட்டி வைக்க டெம்போல கொண்டாந்தான். நானும் வச்சா என்னன்னுதான் சொன்னேன். இந்தப் பிள்ளை விடலை. எம்புட்டோ சொல்லியும் விடலை. அந்தக் கோவத்துலதான் தையில காலி பண்ணுன்னு சொல்லிட்டேன். தெருவே பாத்துக்கிட்டு இருந்துச்சு, யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க."

தன் தம்பியையும் தன்னையும் விட்டுக்கொடுத்து, ஊர் நிற்கும்போது அவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சர்வேயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிகள் அன்று இறங்கியிருந்தாலும் தீபாவளியோடு விற்றுப் போயிருக்கும் என்பது உண்மைதான். அதனால் பெட்டி இறங்கியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நான் யாரையும் குத்திக் காட்டியதில்லை.

சர்வேயர் அக்கா சொன்னதை எழுதிக்கொண்டார். போகும்போது குழாயடியில் தன் விரலை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். "இந்தத் தாளை எழுதாம இருந்திருந்தா, இதைப் பார்த்ததுமே நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்மா" என்று என்னிடம் சொன்னார்.

சாமான்களுக்கான ஈடு வந்தது. பழைய ஃபிரிட்ஜுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், மற்றதெல்லாம் குறையில்லாமல் வந்தது. பிள்ளைகளுக்கான பாலிசியைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை அதில்தான். ஆனால் சுவருக்கும் கூரைப் பூச்சுக்கும் ஆன செலவு அக்காவின் தலையில் விழுந்தது. அந்த அதிகாரி முதல் நாளே பிரித்துச் சொன்னது அதுதான். அக்கா தன் வீட்டுக்குப் பாலிசி எதுவும் எடுத்து வைக்கவில்லை.

பூச்சுவேலை முடிய மூன்று வாரம் ஆனது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள் மூன்று வாரம் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது. என்ன செய்வது என்று நான் தாய்மாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து, "மாடி ஹால் சும்மாதான கெடக்கு. படிக்கு ஒரு கதவடைப்பு மட்டும் போட்டுக்க" என்றார். தச்சர் வந்து படியின் தலைமாட்டில் பலகைக் கதவு போட்டார். தொட்டில் பிள்ளைகள் ரெண்டையும் மட்டும் அந்த மூன்று வாரமும் எதிர்வீட்டு அக்கா தன் வீட்டில் வைத்துக்கொண்டார், மாடிப்படியில் இறக்க எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கார அக்கா முதல் நாள் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையில் இருந்தார். மூன்றாம் நாள் கேப்பைக்கூழ் காய்ச்சி எடுத்து வந்தார். பதினோரு மணி ரயில் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியது. கடைசிப் பெட்டியாக அக்கா வந்தார்.

ஒருநாள் பிள்ளைகள் தூங்கும்போது சொன்னார். "தையில காலி பண்ணச் சொன்னேன்ல. அதை விட்டுரு."

"சரிக்கா."

"இந்த வீட்டுக்கும் ஒண்ணு போடணும். அந்த ஆபீசுக்கு என்னையக் கூட்டிட்டுப் போ."

அடுத்த வாரம், என் கணவர் ஊரில் இருந்த நாளில், பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு ரெண்டு பேரும் விருதுநகர் போனோம். வத்தல் நெடியில் அக்கா விடாமல் தும்மினார். அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அக்கா தன் வீட்டுக்குப் பாலிசி எழுதிக் கொடுத்தார்.

தை பிறந்ததும் வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுத, பிள்ளைகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, சிவகாசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் தட்டச்சு செய்துகொண்டே நிமிராமல் கேட்டார். "குடியிருப்புக்கு மட்டுந்தான?"

"இல்லை" என்றேன். "குடியிருக்கவும், குழந்தைகளைப் பகல் நேரத்தில் பராமரிக்கவும்னு போடுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார்.

"வாடகைக்கு இருக்கிறவங்க தொழில் என்ன போட? இல்லத்தரசின்னு போட்டுரவா?"

இந்தத் தடவையும் அக்கா முந்திக்கொண்டார். "பிள்ளை பாக்கிறவுக. ஒன்பது வருசமா பாக்குறாக. அப்படியே போடுங்க."

என்னை ஒருமையில் கூப்பிட்டே பழகியவர், அந்த மேஜைக்கு முன்னால் அப்படி மரியாதையாகச் சொன்னார். எழுத்தர் அதை 'குழந்தைகள் பராமரிப்பாளர்' என்று எழுத்துத் தமிழில் தட்டினார். தாளை உருவி என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயருக்கு நேராக அந்த வார்த்தை கறுப்பு மையில் இருந்தது. ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். அவசரப்படாமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மணி பத்தரை ஆகியிருந்தது. பதினோரு மணி ரயிலுக்குள் வீடு சேர வேண்டும் என்று அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன்.